திரும்பும் தேதி

2006 ஜூலை மாதக் கடைசி. ஈராக்கில் ஓராண்டை முடித்த 172ஆம் ஸ்ட்ரைக்கர் பிரிகேடின் வீரர்கள் அலாஸ்காவில் இருக்கும் ஃபோர்ட் வெயின்ரைட் முகாமுக்குத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். சில நூறு பேர் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். சிலர் குவைத்தில் விமானத்துக்குக் காத்திருந்தார்கள். அப்போது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டின் உத்தரவு வந்தது. பாக்தாதில் வன்முறை கட்டுமீறிவிட்டதால் பிரிகேட் இன்னும் நான்கு மாதம்வரை ஈராக்கில் இருக்க வேண்டும். அலாஸ்காவுக்கு வந்துவிட்டவர்களில் சுமார் 300 பேர் திரும்பவும் விமானம் ஏறினார்கள். அடுத்த மாதமே ரம்ஸ்ஃபெல்ட் அந்த முகாமுக்கு நேரில் போய் வீரர்களின் மனைவிமாருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ராணுவக் கோப்பில் இதற்குப் ‘பணி நீட்டிப்பு’ என்று பெயர். வீட்டிலிருந்தவர்களுக்கோ, ஒரு வருடமாக எண்ணி முடித்த நாள்களை மறுபடியும் எண்ணத் தொடங்கும் வேலை. ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் 2001 முதல் 2021 வரை அமெரிக்கா நடத்திய போர்கள் இப்படிப்பட்ட வீடுகளை லட்சக்கணக்கில் உண்டாக்கின. ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் போர்முனைக்கு அனுப்பினால் அவருக்கும் அவரது வீட்டாருக்கும் என்ன ஆகிறது என்று மருத்துவர்களும் சமூகவியலாளர்களும் அந்தக் காலம் முழுவதும் அளந்துகொண்டே வந்தார்கள். எத்தனை முறை போனார் என்ற கணக்கில்தான் ஆராய்ச்சி தொடங்கியது. போகப்போக வேறு இரண்டு கேள்விகள் முன்னுக்கு வந்தன. இரண்டு பயணங்களுக்கு நடுவில் வீட்டில் எவ்வளவு காலம் இருந்தார்? சொன்ன தேதியில் திரும்பினாரா?

அதே ஆட்கள், மறுபடியும்

வியட்நாம் போரில் ஒரு தரைப்படைச் சிப்பாய்க்குக் கெடு பன்னிரண்டு மாதம். தனியாளாகப் போவார், தனியாளாகத் திரும்புவார். அவர் இடத்துக்கு இன்னொரு இளைஞர் வருவார்; அப்படி வந்தவர்களில் பலர் கட்டாயச் சேவையில் எடுக்கப்பட்டவர்கள். பக்கத்தில் நின்று சுடுகிறவரின் பெயர்கூடத் தெரியாத நிலை உட்பட, அந்த ஏற்பாட்டில் கேடுகள் பல. ஆனாலும் பெரும்பாலோருக்கு அது ஒரு தடவையோடு முடிந்தது.

1973இல் கட்டாயச் சேவை நின்றது. அதன்பின் அமெரிக்கப் படை முழுக்கத் தாமாக முன்வந்து சேர்ந்தவர்களால் ஆனது. நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இதில் இல்லை. 2001இல் தரைப்படையின் முழுநேர வீரர்கள் ஏறத்தாழ 4,80,000 பேர். இந்தப் படையைக் கொண்டுதான் இரண்டு நாடுகளில் ஒரே நேரத்தில் நீண்ட போர் நடத்த வேண்டியிருந்தது. புதிதாக ஆள் பிடிக்க வழியில்லாதபோது இருப்பவர்களையே சுழற்ற வேண்டும். ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2015 வரை 27.7 லட்சம் பேர் 54 லட்சம் முறை போர்ப்பணிக்குப் போனார்கள். சராசரியாகப் பார்த்தால் ஆளுக்கு இரண்டு தடவைதான். ஆனால் சராசரி இங்கே அதிகம் சொல்வதில்லை. ஒரு தடவையோடு நின்றவர்கள் ஒருபுறம் இருக்க, சிறப்புப் படைகளில் பத்து முறைக்கு மேல் போனவர்கள் உண்டு. 2011இல் ஆப்கானிஸ்தானில் இறந்த ரேஞ்சர் படை சார்ஜண்ட் ஒருவருக்கு அது பதினான்காவது பயணம்.

ஒரு வருடம் களத்தில் இருந்தால் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது முழுநேர வீரர்களுக்கான இலக்கு. பகுதிநேரப் படையினருக்கு ஒன்றுக்கு ஐந்து. 2007 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் இந்த இலக்கை அறிவித்தார். அதே மாதம் ஈராக்குக்குக் கூடுதல் படை அனுப்பும் முடிவையும் அதிபர் புஷ் அறிவித்தார். இரண்டும் ஒத்துப்போக வழியில்லை. ஏப்ரல் 11 அன்று கேட்ஸ் தரைப்படையின் களப்பணிக் காலத்தைப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து மாதமாக நீட்டினார். இதற்கு அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பிரிவாகக் கடைசி நேரத்தில் நீட்டிப்பதைவிட எல்லோருக்கும் முன்கூட்டியே பதினைந்து மாதம் என்று சொல்லிவிட்டு, திரும்பியபின் பன்னிரண்டு மாதம் வீட்டில் இருக்கலாம் என்று உறுதி தருவது நல்லது என்றார். வீரர்களுக்கு முதலில் அவர்களுடைய தளபதிகள் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். அதற்குள் செய்தி கசிந்து, பல குடும்பங்கள் தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொண்டன.

பதினைந்து மாதம் போர், பன்னிரண்டு மாதம் வீடு. அந்தப் பன்னிரண்டும் முழுதாக வீட்டுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த பயணத்துக்கான பயிற்சி திரும்பிய சில மாதங்களிலேயே தொடங்கிவிடும். துப்பாக்கிப் பயிற்சி, இரவுப் பயிற்சி, கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் மையத்தில் ஏறத்தாழ ஒரு மாதப் போர் ஒத்திகை என்று நாள்கள் போகும். ஆள் ஊரில்தான் இருப்பார், சாப்பாட்டு வேளைக்கு வீட்டில் இருக்க மாட்டார்.

இதைத் தடுக்க ஒரு சட்டம் இருந்தது. 1990களில் பால்கன் நாடுகளுக்கு அடிக்கடி அனுப்பப்பட்ட வீரர்கள் வேலையை விட்டுப் போவதைக் கண்ட அமெரிக்க நாடாளுமன்றம், 730 நாளில் 400 நாளுக்கு மேல் வெளியே இருக்கும் வீரருக்கு அதற்குப் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் 100 டாலர் தர வேண்டும் என்று விதித்தது. வீரரை அலையவிட்டால் ராணுவத்தின் பணப்பையில் அது தெரிய வேண்டும் என்பது நோக்கம். ஆப்கானிஸ்தான்மீது குண்டுவீச்சு 2001 அக்டோபர் 7 அன்று தொடங்கியது. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுநாளே அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது.

ஒப்பந்தம் முடிந்தவரையும் விடவில்லை. ‘ஸ்டாப்-லாஸ்’ என்ற ஏற்பாட்டின்படி, பிரிவு களத்துக்குப் போகும் நேரத்தில் ஒருவருடைய சேவைக்காலம் முடிந்தாலும் அவர் விலக முடியாது. 2001க்குப் பிறகு இப்படிப் பிடித்துவைக்கப்பட்டவர்கள் சுமார் 1,85,000 பேர் என்று பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டது. பின்னர் அவர்களுக்கு, கூடுதலாக இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 டாலர் இழப்பீடு தரப்பட்டது. 2011இல்தான் தரைப்படை இந்த வழக்கத்தைக் கைவிட்டது.

பகுதிநேரப் படையான நேஷனல் கார்டின் கதை இன்னும் சிக்கலானது. மாதத்தில் ஒரு வார இறுதியும் வருடத்தில் இரண்டு வாரமும் பயிற்சி என்று நினைத்துச் சேர்ந்த ஆசிரியர்கள், தச்சர்கள், காவலர்கள் இவர்கள். ‘ரெட் புல்ஸ்’ எனப்படும் மினசோட்டா மாநிலத்தின் 34ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த பிரிகேட் 2006இல் ஈராக் போய்ச் சேர்ந்தது. திரும்பும் காலம் நெருங்கியபோது, 2007 ஜனவரியில், அதற்கும் நீட்டிப்பு வந்தது. ஈராக்கில் மட்டும் பதினாறு மாதம், பயிற்சியையும் சேர்த்தால் இருபத்திரண்டு மாதம். அதுவரை எந்த அமெரிக்கத் தரைப்படைப் பிரிவும் ஈராக்கில் அவ்வளவு காலம் தொடர்ந்து இருந்ததில்லை. ஊர் திரும்பியபின் அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இன்னொன்று தெரியவந்தது. உயர்ந்த கல்வி உதவித்தொகைக்கு 730 நாள் சேவை தேவை; அவர்களுடைய உத்தரவுத் தாளில் இருந்ததோ 729 நாள்.

மருத்துவர்கள் அளந்தவை

மனிதர் போரில் எவ்வளவு காலம் தாங்குவார் என்ற கேள்வி பழையது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜான் ஆப்பெல், கில்பர்ட் பீப் ஆகிய இருவரும் அமெரிக்கக் காலாட்படையினரை ஆராய்ந்து 1946இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சிப்பாய் 200 முதல் 240 நாள் நேரடிச் சண்டையில் இருந்தால் குலைந்துபோகிறார் என்றும், போர் யாருக்கும் பழகிப்போவதில்லை என்றும் கண்டார்கள். அதே போரில் குண்டுவீச்சு விமானக் குழுவினருக்கு இத்தனை முறை பறந்தால் போதும், ஊர் திரும்பலாம் என்ற கணக்கு இருந்தது. தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 25.

ஈராக்கில் இந்தக் கேள்வியை ராணுவமே எடுத்துக்கொண்டது. 2003 முதல் மனநல ஆலோசனைக் குழுக்கள் போர்முனைக்கே போய் வீரர்களிடம் வினாத்தாள் கொடுத்து அறிக்கை தயாரித்தன. 2007இல் திரட்டிய தகவல்களைக் கொண்ட ஐந்தாவது அறிக்கை சார்ஜண்ட் நிலையில் இருப்பவர்களைத் தனியாகப் பார்த்தது. முதல்முறை வந்தவர்களில் 11.9 சதவீதத்தினருக்கு மனநலப் பிரச்சினைக்கான அறிகுறிகள் இருந்தன. இரண்டாம் முறை வந்தவர்களில் 18.5 சதவீதம். மூன்றாம் அல்லது நான்காம் முறை வந்தவர்களில் 27.2 சதவீதம். பத்து இளைஞர்களை இரவு ரோந்துக்கு அழைத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு இந்த சார்ஜண்ட்டுகளுடையது. மூன்றாம் முறைக்கு வந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் தூக்கமிழந்தும் பதற்றத்திலும் இருந்தால் அது அவருடைய சொந்த நோயோடு நிற்பதில்லை.

இந்த எண்களும் உண்மையைக் குறைத்தே காட்டியிருக்கலாம். முதல் பயணத்திலேயே மோசமாகப் பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை அனுப்புவதில்லை. ஆகவே மூன்றாம் முறை வந்திருப்பவர்கள் ஓரளவு சல்லடையில் சலிக்கப்பட்டு மிஞ்சியவர்கள். அவர்களிடமே இந்த விகிதம். சொல்ல விரும்பாதவர்களும் ஏராளம். சார்ல்ஸ் ஹோஜ் தலைமையிலான ராணுவ மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மனநலக் கோளாறுக்கான அறிகுறி இருந்தவர்களில் 23 முதல் 40 சதவீதத்தினரே உதவி தேடியிருந்தார்கள். கோழை என்று நினைப்பார்கள், மேலதிகாரி வேறு மாதிரி நடத்துவார் என்பவை அவர்கள் சொன்ன காரணங்களில் முதன்மையானவை. போர்முனையிலிருந்து திரும்பியவர்களில் சுமார் மூன்று லட்சம் பேருக்குப் பி.டி.எஸ்.டி. எனும் போர் அதிர்ச்சி மனவடுவோ கடும் மனச்சோர்வோ இருப்பதாக 2008இல் ராண்ட் மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே சிகிச்சைக்குப் போயிருந்தார்கள்.

பிரிட்டனின் அனுபவம் இதற்கு எதிர்நிலையில் நிற்கிறது. அங்கே தரைப்படைக்கு ஆறு மாதக் களப்பணி, பின் 24 மாத இடைவெளி என்று வழிகாட்டு நெறி உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வருடத்தில் 13 மாதமோ அதற்கு மேலோ களத்தில் இருந்தவர்களுக்கு மனவடுவும் மிதமிஞ்சிய குடியும் வீட்டுத் தகராறும் கூடுதலாக இருந்தன. சொல்லப்பட்ட காலத்தைவிட நீண்டு இருக்க நேர்ந்தவர்களிடம் மனவடு அதிகமாகக் காணப்பட்டது. இதே குழுவினர் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரை ஆராய்ந்து 2010இல் எழுதியபோது, எத்தனை முறை போனார்கள் என்பதற்கும் மனவடுவுக்கும் தொடர்பு இல்லை என்றும் அந்தப் படையில் மனவடு நூற்றுக்கு நான்கு பேரிடம்தான் இருக்கிறது என்றும் கண்டார்கள். இரு நாட்டுப் படைகளுக்கும் இடையே சண்டையின் கடுமை, வீரர்களின் வயது என வேறுபாடுகள் பல உண்டு. எனினும் ஆறு மாதத்தில் திரும்பி இரண்டு வருடம் வீட்டில் இருப்பவரின் மூன்றாம் பயணமும், பதினைந்து மாதம் கழித்துத் திரும்பி ஒரு வருடத்தில் கிளம்புகிறவரின் மூன்றாம் பயணமும் ஒன்றல்ல என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

பத்தாண்டு கழித்து அமெரிக்கத் தரவும் அதே பக்கம் சாய்ந்தது. இரண்டு முறை களத்துக்குப் போன தரைப்படையினரின் ஆவணங்களை ராபர்ட் உர்சானோவும் உடன் ஆய்வாளர்களும் அலசி 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படையில் சேர்ந்த பன்னிரண்டு மாதத்துக்குள் முதல் பயணத்துக்கு அனுப்பப்பட்டவர்களும், இரு பயணங்களுக்கு நடுவே ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ வீட்டில் இருந்தவர்களும் தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது.

வீட்டில் நடப்பது

கணவர் களத்தில் இருக்கும்போது மனைவியின் உடம்பில் என்ன நடக்கிறது? இதைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. தரைப்படையினரின் மனைவிமார் இரண்டரை லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலிசா மான்ஸ்ஃபீல்டும் குழுவினரும் எடுத்துப் பார்த்தார்கள். கணவர் பதினோரு மாதம்வரை வெளியே இருந்த பெண்களிடம் ஆயிரத்துக்கு 27 பேர் கூடுதலாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றிருந்தார்கள். பதினோரு மாதத்துக்கு மேல் போனால் அது 39 ஆனது. தூக்கக் கோளாறு, பதற்றம் எல்லாவற்றிலும் அதே ஏறுமுகம். களத்துக்குப் போகாத வீரர்களின் மனைவிமாரோடு ஒப்பிட்ட எண்கள் இவை. ஆகவே ராணுவ வாழ்க்கையின் பொதுவான அலைச்சலை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

முந்தைய போர்களில் கடிதம் வர வாரங்கள் ஆகும். ஈராக்கில் பல முகாம்களிலிருந்து தொலைபேசியிலும் இணையத்திலும் பேச முடிந்தது. இது ஆறுதல்தான். ஆனால் புதுவிதமான ஒரு கலக்கத்தையும் அது கொண்டுவந்தது. பிரிவில் ஒருவர் இறந்தால், அவருடைய குடும்பத்துக்கு முறைப்படி தகவல் போய்ச் சேரும்வரை முகாமின் இணையமும் தொலைபேசியும் அணைக்கப்படும். ‘ரிவர் சிட்டி’ என்பது இதற்கான சங்கேதச் சொல். தினமும் வரும் அழைப்பு வராமல் போனால், யாரோ ஒருவர் வீட்டுக் கதவைச் சீருடை அணிந்த இருவர் தட்டப்போகிறார்கள் என்று முகாம் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். யார் வீட்டுக் கதவு என்பதுதான் தெரியாது.

நேஷனல் கார்டு குடும்பங்களுக்கு அப்படிச் சேர்ந்து பயப்படவும் துணை இல்லை. ராணுவக் குடியிருப்பில் இல்லாமல் சொந்த ஊர்களில் சிதறி வாழ்பவர்கள் அவர்கள். பக்கத்து வீட்டாருக்கு இந்த வீட்டுக்காரர் எங்கே போயிருக்கிறார் என்பதே தெரியாமல் இருக்கலாம். முழுநேரப் படையின் குடும்பங்களுக்கு வேறொரு தொல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊர் மாற வேண்டும். செவிலியராகவோ ஆசிரியராகவோ இருக்கும் மனைவி ஒவ்வொரு மாநிலத்திலும் புதிதாக உரிமம் வாங்க வேண்டும். வேலை தேடும் ராணுவத் துணைவர்களில் 21 சதவீதத்தினர் வேலையில்லாமல் இருந்ததாகப் பாதுகாப்புத் துறையின் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்னது. இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு படைக் கம்பெனியிலும் குடும்ப உதவிக் குழுக்களை ஊதியமின்றி நடத்தியவர்களும் பெரும்பாலும் இந்த மனைவிமாரே. மூன்றாவது பயணத்தின்போது அவர்களே ஓய்ந்துபோயிருந்தார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் வயது முக்கியமாகிறது. 11 முதல் 17 வயதுவரையுள்ள பிள்ளைகளைக் கொண்ட 1,500 ராணுவக் குடும்பங்களை அனிதா சந்திரா தலைமையில் ராண்ட் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அப்பாவோ அம்மாவோ மொத்தம் எத்தனை மாதம் வெளியே இருந்தார் என்ற கணக்கு கூடக்கூடப் பிள்ளைகளின் சிரமமும் கூடியது. திரும்பி வந்தபின்னும் அது தீரவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் கூடுதலாகக் கடினமாக இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, அம்மாவுக்குக் கைகொடுத்து, வீட்டில் பாதிப் பெரியவராகிவிட்ட பிள்ளையை, வந்தவர் மறுபடியும் குழந்தையாக நடத்தத் தொடங்குவார்.

இருண்ட பக்கமும் உண்டு. குழந்தைக் கொடுமை ஒரு முறையேனும் பதிவான சிப்பாய்க் குடும்பங்களைப் பற்றி 2007இல் வந்த ஓர் ஆய்வு, சிப்பாய் களத்தில் இருந்த காலத்தில் அத்தகைய நிகழ்வுகள் 42 சதவீதம் அதிகமாக நடந்ததாகக் கண்டது. வீட்டிலிருந்த தாய்மார் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டது ஏறத்தாழ நான்கு மடங்கு. தனியாளாக ஒரு வருடம் பிள்ளை வளர்ப்பவரின் சக்தி எங்கே முடிகிறது என்பதை இந்த எண் காட்டுகிறது.

மணமுறிவைப் பற்றிய ஆராய்ச்சி தன்னையே திருத்திக்கொண்டது. களப்பணியால் மணமுறிவு கூடவில்லை என்று 2007இல் ராண்ட் சொன்னது. படையில் இருக்கும்போது திருமணம் செய்துகொண்ட 4,62,000 பேரின் பதிவுகளை வைத்து அதே நிறுவனத்தார் 2014இல் வேறு முடிவுக்கு வந்தார்கள். களத்தில் இருந்த மாதங்கள் கூடினால் மணமுறிவின் அபாயமும் கூடுகிறது. பெண் வீரர்களுக்கு அது இன்னும் அதிகம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன்பு, இப்படியொரு காலம் வரும் என்று அறியாமல் மணந்தவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். களத்துக்குப் போனவர்களின் மணமுறிவுகளில் 97 சதவீதம் அவர்கள் திரும்பி வந்தபின் நடந்தவை.

பிரிந்திருக்கும்போது முறியாத உறவு கூடும்போது முறிவதற்குக் காரணம் தேட அதிகத் தூரம் போக வேண்டாம். போனவர் இல்லாமலே நடக்க வீடு பழகிவிட்டது. கணக்கு வழக்கு, வண்டிப் பழுது, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து எல்லாம் ஒருவர் கைக்கு வந்துவிட்டன. வந்தவரோ சாலையோரக் குப்பையில் வெடிகுண்டு இருக்குமோ என்று வண்டியை நடுச்சாலையில் ஓட்டுகிறார், ஓட்டலில் கதவைப் பார்த்து உட்கார்கிறார். ஒன்றுசேரப் பல மாதம் பிடிக்கும். அது கைகூடும் நேரத்தில் அடுத்த பயணத்துக்கான உத்தரவு வருகிறது. உத்தரவு வரும் என்று தெரிந்திருப்பதால் சில வீடுகளில் அந்த முயற்சியையே தள்ளிப்போட்டுவிடுகிறார்கள்.

2002 கோடையில் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் முகாமில் ஆறு வாரத்துக்குள் நான்கு பெண்கள் தம் கணவர்களால் கொல்லப்பட்டார்கள். அந்தக் கணவர்களில் மூவர் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய சிறப்புப் படையினர். ராணுவம் அனுப்பிய விசாரணைக் குழு திருமணச் சிக்கல்களையும் அடிக்கடி நேரும் பிரிவின் நெருக்கடியையும் குறிப்பிட்டது. வேலைக்கு ஆபத்து என்று அஞ்சி யாரும் உதவி தேடாத நிலையையும் சுட்டிக்காட்டியது. ஈராக் போர் அப்போது தொடங்கியிருக்கவே இல்லை.

எளிய விடைக்கு அடங்காதவை

தற்கொலை விஷயத்தில் பொதுக்கருத்தும் தரவும் ஒத்துப்போகவில்லை. 2012இல் பணியில் இருந்த 349 பேர் தற்கொலை செய்துகொண்டதாக முதலில் கணக்கிடப்பட்டது. அந்த வருடம் ஆப்கானிஸ்தான் சண்டையில் இறந்த அமெரிக்க வீரர்களைவிட இது அதிகம். ஓயாத களப்பணியே காரணம் என்று பலரும் முடிவுகட்டினார்கள். ஆனால் ஒன்றரை லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த 2013 ஆய்வு, களப்பணிக்கும் தற்கொலைக்கும் நேரடித் தொடர்பைக் காணவில்லை. குடியும் மனச்சோர்வும்தான் முன்னுக்கு வந்தன. 39 லட்சம் பேரின் பதிவுகளை அலசிய 2015 ஆய்வு, களத்துக்குப் போனவரைவிடப் படையைவிட்டு விலகியவருக்கு, குறிப்பாக நான்கு ஆண்டு முடியும் முன்னே வெளியேறியவருக்கு, அபாயம் அதிகம் என்றது. போன தடவைகளை எண்ணினால் தொடர்பு மறைந்துவிடுகிறது, உர்சானோ குழுவைப் போல இடைவெளியை எண்ணினால் தெரிகிறது. அதேசமயம் ஒட்டுமொத்த இழப்பு சிறியதல்ல. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ‘காஸ்ட்ஸ் ஆஃப் வார்’ ஆய்வுத்திட்டம் 2021இல் தந்த மதிப்பீட்டின்படி, 2001க்குப் பிந்தைய போர்களின் காலத்தில் பணியாற்றிய வீரர்களிலும் முன்னாள் வீரர்களிலும் 30,177 பேர் தற்கொலையால் இறந்தார்கள். போர் நடவடிக்கைகளில் இறந்தவர்கள் 7,057 பேர்.

2012 மார்ச் 11 அன்று ஆப்கானிஸ்தானின் கந்தஹார் மாகாணத்தில், ராபர்ட் பேல்ஸ் என்ற சார்ஜண்ட் இரவில் முகாமைவிட்டு வெளியேறி 16 கிராமத்தாரைக் கொன்றார். ஒன்பது பேர் குழந்தைகள். அவருக்கு அது நான்காவது பயணம் என்பது உடனே விவாதமானது. நான்கு முறை போன ஆயிரக்கணக்கானோர் அப்படி எதுவும் செய்யவில்லை என்பது ஒரு பதில். இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கிராமத்தாருக்குப் போர் என்பது போய்வருகிற வேலை அல்ல. அவர்களுக்கு இடைவெளியும் இல்லை, திரும்பும் தேதியும் இல்லை. களப்பணியின் சுமையைப் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் ஒரு பக்கத்து வீடுகளே அளக்கப்பட்டிருக்கின்றன.

பெரும்பாலான ராணுவக் குடும்பங்கள் உடைந்துபோகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2,724 குடும்பங்களை மூன்று ஆண்டு, நான்கு மாதத்துக்கு ஒரு முறை விசாரித்த ராண்டின் நீண்ட ஆய்வு 2016இல் வந்தது. களப்பணிக் காலத்தில் மனநிலையும் உறவும் தாழ்ந்தன. திரும்பியபின் பெரும்பாலோர் பழைய நிலைக்கு வந்தார்கள். முன்கூட்டியே பணத்துக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்பாடு செய்து வைத்தவர்களும் களத்திலிருந்து அடிக்கடி பேசியவர்களும் விரைவாக மீண்டார்கள். ஆனால் இந்த ஆய்வு தொடங்கியபோது பதினைந்து மாதக் காலம் முடிந்து இடைவெளிகள் நீளத் தொடங்கியிருந்தன. இந்த நல்ல முடிவே இடைவெளியின் அருமைக்கு ஒரு சான்றாக இருக்கலாம்.

விதியும் விலக்கும்

2008 ஆகஸ்டிலிருந்து கிளம்பியவர்களுக்குக் களப்பணி மறுபடி பன்னிரண்டு மாதமானது, 2012இலிருந்து ஒன்பது. தரைப்படையின் முழுநேர வீரர்களின் எண்ணிக்கை இடையில் ஐந்தரை லட்சத்தைத் தாண்டியது. மினசோட்டாவில் நேஷனல் கார்டு வீரர்கள் திரும்பியபின் குடும்பத்தோடு கூடிப் பேச ஏற்படுத்திய ‘மஞ்சள் நாடா’ நிகழ்ச்சிகள் 2008இல் நாடு முழுவதற்கும் சட்டமாயின. வீரர்களின் பிள்ளைகளுக்கு இலவசக் கோடை முகாம்களும், பெயர் பதியாத மனநல ஆலோசனையும், கல்வி உதவியை மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றித்தரும் உரிமையும் வந்தன. குடும்பத்தைப் பிரிந்திருக்கும் வீரருக்கான படி மட்டும் நெடுங்காலம் மாதம் 250 டாலரிலேயே நின்றது.

2001இல் நிறுத்திவைத்த 400 நாள் விதி என்ன ஆனது? அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2018இல் பார்த்தபோது அந்த விலக்கு அப்படியே நீடித்தது. கடற்படையும் சிறப்புப் படைத் தலைமையும் தவிர மற்றவை தமக்கென்று தெளிவான வரம்பே வைத்திருக்கவில்லை. யார் எத்தனை நாள் வீட்டைவிட்டு வெளியே இருந்தார் என்ற பதிவுகளும் நம்பத்தக்கவையாக இல்லை. 2021இல் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் ஒன்றுக்கு மூன்று என்று புதிய இலக்கு வைத்தார். அந்த வருடம்தான் ‘நிமிட்ஸ்’ விமானந்தாங்கிக் கப்பலின் மாலுமிகள் பத்து மாதத்துக்கு மேல் கடலில் இருந்துவிட்டு, பெருந்தொற்றுக் காலமாகையால் துறைமுகங்களில் இறங்கி நடக்கவும் வழியில்லாமல், ஊர் திரும்பினார்கள். 2023 மே மாதம் கிளம்பிய ‘ஜெரால்ட் ஆர். ஃபோர்டு’ கப்பல் காஸா போரையொட்டி மூன்று முறை நீட்டிக்கப்பட்டு 2024 ஜனவரியில் வந்தது. பெரிய போர்கள் முடிந்தபின்னும் நீட்டிப்பு முடியவில்லை.

அமெரிக்காவில் சிக்கல், குறைந்த ஆள்களை வைத்து நீண்ட போர் நடத்தியதால் வந்தது. அதே சிக்கல் இப்போது வேறிடத்தில் இன்னும் கடுமையாக எழுந்திருக்கிறது. ரஷ்யா 2022 செப்டம்பரில் மூன்று லட்சம் பேரைத் திரட்டியபோது உத்தரவில் முடிவுத் தேதி இல்லை. அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி மாஸ்கோவில் பூங்கொத்தோடு நின்ற மனைவிமாரின் ‘வீட்டுக்கு வழி’ இயக்கம் 2024இல் அயல்நாட்டு முகவர் என்று முத்திரை குத்தப்பட்டது. உக்ரைனில் 2022 பிப்ரவரியில் சேர்ந்தவர்களின் மனைவிமார் 2023 இலையுதிர் காலத்தில் கீவ் நகரத் தெருவுக்கு வந்தார்கள். பதினெட்டு மாதம் என்றாவது ஒரு வரம்பு வையுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. 2024 ஏப்ரலில் நிறைவேறிய படைதிரட்டல் சட்டத்தின் வரைவில் 36 மாதம் முடித்தவரை விடுவிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அவர்கள் இடத்தை நிரப்ப ஆள் இல்லை என்று ராணுவத் தலைமை கேட்டுக்கொண்டதால், வாக்கெடுப்புக்கு முன் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. விடுவிப்பைப் பற்றித் தனிச் சட்டம் எழுதப்படும் என்று அரசு சொன்னது.